பேசக் கூடாத மேடை

செல்வராஜ் பஸ் டிக்கெட்டைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் சட்டைப் பையில் வைப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அல்ல. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. இந்தக் கிழவன் பார்க்கிறான் என்று கண்டக்டருக்குத் தெரியட்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஜனவரி முதல் ஞாயிறு. கிடர்பூரில் ஏறிய முதல் பஸ் ஆம்தலாவை நோக்கிப் பனிக்குள் உருண்டுகொண்டிருந்தது. மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. சட்டைப் பையில் ஒரு சணல் கயிறு. அதில் ஏழு முடிச்சு. ஒவ்வொரு முடிச்சும் ஒரு கேள்வி. எழுதத் தெரிந்தவன் காகிதத்தில் எழுதிக்கொள்வான். துறைமுகத்தில் எத்தனை மூட்டை இறங்கியது என்பதை முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்ட ஆளுக்குச் சணல் போதும்.

கேள்விகள் துலால் சாமந்தா என்கிற ஒருவரிடம் கேட்கவேண்டியவை. டிராம் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் தீபங்கரும் செல்வராஜின் ஒரே மகள் அனுராதாவும் பாலிகஞ்சில் ஒரே ஆபீசில் வேலை செய்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்கிறார்கள். பையனைப் பார்த்தாயிற்று. பையன்கள் எல்லாம் பெண் கேட்கும்போது நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். அப்பனைப் பார்த்தால்தான் வீட்டின் லட்சணம் தெரியும் என்பது செல்வராஜின் கட்சி.

"ஏனுங்க, போன ஒடனே போலீசுக்காரனாட்டம் கேக்காதீங்க. நாலு வார்த்த நல்லதாப் பேசுங்க" என்று அருக்காணி முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"நல்லதாப் பேசிப் பேசித்தான் உன்ற அண்ணன் அவன் புள்ளையக் குடிகாரன் ஊட்டுல தள்ளுனான். அந்த மாமனார் அவ நகையவெல்லாம் குடிச்சே தீத்தான்."

"அது எப்பவோ நடந்ததுங்க."

"குடிக்கிறவனுக்கு எப்பவோன்னு ஒண்ணு கெடையாது. தெனமுந்தான்."

அனுராதா தலைமுடியைப் பின்னிக்கொண்டே சொன்னாள். "அப்பா, தீபங்கரோட அப்பாவேதான் உங்களைக் கூப்பிட்டார். ஜீல்ல மீன் பிடிக்க டிக்கெட் எடுத்திருக்காராம். ஒரு டிக்கெட்ல ரெண்டு பேர் உக்காரலாம். சனிக்கிழமையே போய்க் கூடாரம் போட்டுடுவார். நீங்க ஞாயித்துக்கிழமை விடியக்காலம் போனாப் போதும்."

"கொளத்துல மீன் புடிக்க டிக்கெட்டா? அந்த மீனு டிக்கெட்டு வாங்குச்சா?"

அவள் சிரிக்கவில்லை. பின்னலை முடித்து நிமிர்ந்தாள். "தீபங்கருக்கு துர்காபூர் டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு. பதினெட்டாம் தேதி போகணும். அதனால ஞாயிறு ராத்திரி நீங்க ஒரு வார்த்தை சொல்லிடணும். ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல. நான் எதிர்த்துட்டுப் போகப் போறதில்லை. ஆனா இல்லன்னு சொன்னா காரணம் சொல்லணும்."

அதுதான் செல்வராஜை உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். தீர்ப்பை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆம்தலாவில் இறங்கி, வேன் ரிக்‌ஷாவில் கால்மணி நேரம். கடுகு வயல்களுக்கு நடுவே பன்னிரண்டு பிகா, நம்ம கணக்கில் நாலு ஏக்கர் பரப்புக்கு அந்த ஜீல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கரை நெடுகத் தார்ப்பாய்களும் கூடாரங்களும். சனிக்கிழமையே வந்துவிட்ட டிக்கெட்காரர்கள் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஈச்சமரத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தார். தண்ணீருக்குள் இருபது மூங்கில் மேடைகள். கரையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூங்கில் போட்ட பாலம். யாருக்கு எந்த மேடை என்று சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்களாம். சாமந்தாவுக்குப் பதினான்கு.

பதினான்காம் மேடைக்கு நேரே இரண்டு ஈச்சமரங்களுக்கு நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கியது. அதன் முடிச்சுகளைப் பார்த்ததும் செல்வராஜ் நின்றுவிட்டார். கயிற்றுக்கே வெட்கமாக இருக்கும் முடிச்சு. யாரையும் கூப்பிடவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முனையை அவிழ்த்து, இழுத்து, மரத்தைச் சுற்றி இரண்டு சுற்றுப் போட்டுக் கட்டினார். அடுத்த முனைக்குப் போனபோது உள்ளேயிருந்து ஒரு குரங்குக் குல்லா வெளியே வந்தது.

"யாரு என் வீட்டைக் கலைக்கிறது?" என்று வங்காள மொழியில் கேட்டது குல்லா.

"உங்க வீடு காத்தடிச்சா தானே கலைஞ்சுரும். நான் கட்டறேன்" என்றார் செல்வராஜ், துறைமுகத்தில் கற்ற வங்காள மொழியில்.

குல்லாவுக்குள் இருந்த உருண்டை முகம் அவரை மேலும் கீழும் பார்த்தது. "செல்வராஜ் பாபுவா? வாங்க, வாங்க. முதல்ல கட்டி முடிச்சிடுங்க. ராத்திரி பூரா என் தலையில பனி சொட்டிச்சு."

சாமந்தா இரண்டு கையாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாராய நெடி. சந்தேகமே இல்லை, கையிலிருந்துதான் வந்தது. கண்ணும் சிவந்திருந்தது. கெட்டிலுக்குப் பின்னால் ஒரு தட்டைப் பாட்டில் பாதி காலியாகச் சாய்ந்து கிடந்தது.

முதல் முடிச்சே குடிதான். செல்வராஜ் வாயைத் திறந்தார். அதே நேரம் கரையில் டிங் டிங் என்று மணி அடித்தது. சாமந்தா உதட்டில் விரலை வைத்தார்.

"மணி அடிச்சாச்சு. இனி சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் இந்த ஜீல்ல யாரும் பேசக் கூடாது" என்று கிசுகிசுத்தார். "பேசினா மீன் போயிடும். மீன் போனா பதிமூணாம் நம்பர்காரன் நம்மைத் தண்ணியில தள்ளிடுவான். வாங்க."

ஏழு முடிச்சோடு வந்த ஆளைப் பேசக் கூடாத இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறான். வேண்டுமென்றே செய்திருப்பான். இப்படி நினைத்துக்கொண்டுதான் செல்வராஜ் மூங்கில் பாலத்தில் நடந்தார்.

மேடைப் பலகை பனியில் நனைந்திருந்தது. சாமந்தா தன் சால்வையால் பாதிப் பலகையைத் துடைத்து, இவரை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். தான் ஈரத்திலேயே உட்கார்ந்தார். பிறகு பையிலிருந்து புதுத் தூண்டில் நரம்புச் சுருளை எடுத்து, சுற்றியிருந்த காகிதத்தைப் பிரித்து மடித்துப் பைக்குள்ளேயே வைத்து, நரம்பைத் தூண்டில் கோலின் சக்கரத்தில் ஏற்றினார். செல்வராஜ் ஒன்றையும் விடவில்லை. கண் இருக்கிறதே, அதற்கு யார் தடை போட்டார்கள்?

உண்மையைச் சொன்னால், பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதில்லை. முப்பத்தொரு வருஷம் கிடர்பூர் டாக்கில் கிரேனுக்குச் சைகை காட்டியவர். கிரேன் ஓட்டுபவன் உயரத்தில் இருப்பான். கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கும் சைகைக்காரனின் கையைத்தான் பார்ப்பான். உள்ளங்கை கீழே போனால் ஆரியா, இறக்கு. கட்டை விரல் மேலே சுழன்றால் ஹாபிஸ், தூக்கு. அந்த இரைச்சலில் யாருக்கு வாய் கேட்கும்? கைதான் மனுஷன். ஆகவே சாமந்தாவின் கையையே பார்ப்பது என்று தீர்மானித்தார்.

எட்டு மணிக்குப் பதிமூன்றாம் மேடைக்காரன் வீசிய தூண்டில் இந்தப் பக்கம் வந்து சாமந்தாவின் நரம்போடு பின்னிக்கொண்டது. தப்பு அவனுடையது. அவன் முறைத்ததோ இவரை. சாமந்தா முகம் மாறாமல் இரண்டு நரம்பையும் மடியில் போட்டுக்கொண்டு, இருபது நிமிஷம் நுனி நகத்தால் சிக்கெடுத்தார். அவனுடைய முள்ளில் புழு கழன்றுபோயிருந்தது. தன் டப்பாவிலிருந்து ஒன்றை மாட்டித் திருப்பி வீசினார். செல்வராஜ் பைக்குள் கையை விட்டு, கோபத்துக்குப் போட்ட முடிச்சை அவிழ்த்தார்.

பத்து மணிக்குப் பாட்டில் வெளியே வந்தது.

வரட்டும், வந்துதானே ஆக வேண்டும், என்று செல்வராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். சாமந்தா ஒரு தகர டப்பாவைத் திறந்தார். அதில் பிண்ணாக்கு, வறுத்த வெந்தயம், என்னவோ வேர்ப்பொடி எல்லாம் கலந்த மாவு. பாட்டிலில் இருந்ததைக் கடைசிச் சொட்டு வரை அதில் ஊற்றிப் பிசைந்தார். நெல்லிக்காய் அளவு உருட்டித் தக்கையைச் சுற்றித் தண்ணீரில் வீசினார். நேற்று மாலையும் பாதிப் பாட்டிலை இதற்குத்தான் ஊற்றியிருப்பார் போலும். செல்வராஜின் பார்வையைக் கவனித்து, மீனைப் போல வாயைத் திறந்து மூடி, தலையை ஆட்டித் தள்ளாடிக் காட்டினார்.

செல்வராஜுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மீனுக்கு ஊற்றுகிறவன் தனக்கு ஊற்றிக்கொள்ள மாட்டான் என்று என்ன நிச்சயம்? சாமந்தா பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி முதல் கப்பை இவருக்குக் கொடுத்தார். சாமந்தா குடித்து வைத்த கப்பை, அவர் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயம், செல்வராஜ் எடுத்து மோந்து பார்த்தார். இஞ்சி வாசம் மட்டும்தான். கப்பை வைக்கத் திரும்பினால் சாமந்தா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்கையும் நீட்டினார், இதையும் மோந்துகொள் என்பது போல. சிவந்த கண் தூக்கமில்லாத கண் என்று ஒருவாறு முடிவாயிற்று. குடி முடிச்சும் அவிழ்ந்தது.

மத்தியானம் பூரியும் உருளைக்கிழங்கும் இந்தப் பக்கம் வந்தன. புளிச்சோறு அந்தப் பக்கம் போயிற்று. முதல் வாயிலேயே சாமந்தா கண்ணை மூடினார். பிறகு தூக்கின் அடியில் ஒட்டியிருந்த எண்ணெயை விரலால் வழித்து நக்கினார். அருக்காணி பார்த்திருந்தால் கல்யாணத்தை அப்போதே முடித்திருப்பாள். பைக்குள் இன்னும் இரண்டு முடிச்சு அவிழ்ந்தது. செல்வராஜின் விரல்கள் ஐந்தாவது முடிச்சில் நின்றன. அது எதற்குப் போட்டது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

வெயில் சுகமாக முதுகில் விழுந்தது. வாத்துகள் ஓரமாகப் போயின. இப்படி ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று எண்ணிப் பார்த்தார். உட்கார்ந்ததே இல்லை.

மூன்று மணி வாக்கில் தூக்கைக் கழுவக் கரைக்குப் போனார். குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது சக்கரம் கிர்ரென்று அலறியது. நிமிர்ந்தார். சாமந்தா எழுந்து நின்றிருந்தார். கோல் வில்லாக வளைந்திருந்தது. நடு ஜீலில் தண்ணீர் ஒரு முறை உப்பி அடங்கியது. பத்து நிமிஷம் போல மீன் ஓடியது, சாமந்தா விட்டார். அது களைத்தது, அவர் சுற்றினார். கரையெல்லாம் எழுந்து நின்றது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் மீன் திரும்பி நேராக மேடைக்கே வந்து, அடியில் புகுந்தது.

மேலே நின்றவருக்கு ஒன்றும் தெரிய வாய்ப்பில்லை. கரையில் பக்கவாட்டில் நின்ற செல்வராஜுக்குத் தெரிந்தது. நரம்பு பின்பக்கத்து மூங்கில் காலைச் சுற்றிக்கொண்டுவிட்டது. இழுத்தால் அறுந்துபோகும். கத்தக் கூடாது. அவர் கை தானாக உயர்ந்தது. சாமந்தா பார்த்தார்.

உள்ளங்கை கீழே. ஆரியா.

பெரிய மீன் மாட்டியிருக்கும்போது நரம்பைத் தொய்யவிட எந்தத் தூண்டில்காரனும் சம்மதிக்க மாட்டான். சாமந்தா ஒரு கணம் இவர் கையைப் பார்த்தார், ஒரு கணம்தான். விட்டார். நரம்பு தளர்ந்து மூங்கிலை விட்டுக் கழன்றது. அடியிலிருந்து மீன் வெளியே வந்தது. கட்லா. பித்தளைத் தாம்பாளம் மாதிரி அதன் பக்கம் வெயிலில் மின்னியது. வழியில் தடை ஏதும் இல்லை. சரக்கு விளிம்பைத் தாண்டிவிட்டால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று செல்வராஜ் யோசித்ததே கிடையாது. முப்பத்தொரு வருஷமாகக் கைக்குத் தெரியும். கட்டை விரல் மேலே போய்ச் சுழன்றது. ஹாபிஸ்.

சாமந்தா தூக்கினார்.

மீன் வாலை ஒரே ஒரு அடி அடித்தது. பட் என்று ஒரு சத்தம். அறுந்த நரம்பு காற்றில் சுருண்டு, மெதுவாகத் தண்ணீரில் விழுந்தது.

இரும்புச் சட்டமும் சணல் பேல் கட்டும் திரும்பி இழுக்காது, மீன் இழுக்கும். ஒரு குழந்தைக்குத் தெரிந்த விஷயம். செல்வராஜ் கழுவின தூக்கோடு மூங்கில் பாலத்தில் நடந்து போய் உட்கார்ந்தார். மணி அடிக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. என் தப்பு என்று சொல்லக்கூட வழியில்லை. காலையில் பேச முடியாதது எரிச்சலாக இருந்தது. இப்போது அது நெஞ்சில் மூட்டையாக உட்கார்ந்தது. டாக்கில் ஒரு பேல் கைதவறினால் கப்பலே சேர்ந்து சைகைக்காரனின் அப்பன் பாட்டனையெல்லாம் இழுக்கும். இப்போது திரும்பப்போகிறான், முகத்தைக் காட்டப்போகிறான் என்று காத்திருந்தார்.

சாமந்தா திரும்பினார். பிளாஸ்கைத் திறந்தார். முதல் கப்பை இவரிடம் நீட்டினார். பிறகு புது முள்ளைக் கட்ட உட்கார்ந்தார். செல்வராஜின் பைக்குள் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. நாலரை மணிக்கு அதில் ஒரு மீன் மாட்டியது, கையகலம்கூட இல்லை.

ஐந்து மணி அடித்ததும் நாள் முழுக்க அடக்கி வைத்த பேச்சு கரையெங்கும் உடைத்துக்கொண்டது. பத்துப் பேர் பதினான்காம் கூடாரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பதிமூன்றாம் நம்பர்காரன்தான் முதலில் கேட்டான். "துலால்தா, எட்டு கிலோ இருக்குமே. என்ன ஆச்சு?"

"நரம்பு பழசு" என்றார் சாமந்தா. "பூஜைக்கு முன்னாடியே மாத்தியிருக்கணும். என் சோம்பல்."

"பொய்" என்றார் செல்வராஜ்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நரம்பு புதுசு. காலையிலதான் பிரிச்சார். காகிதம் அந்தப் பையிலதான் இருக்கு, வேணும்னா பாருங்க. தூக்கச் சொல்லிக் கை காட்டினது நான். அவர் மேல தப்பு இல்ல."

"யார் இவர்?" என்றான் பதிமூன்றாம் நம்பர்காரன்.

"பதினாலாம் நம்பர்" என்றார் சாமந்தா. "என்கூட உட்கார்ந்தவர்." கூட்டம் போனபிறகு தலையைச் சொறிந்தார். "என்ன செல்வராஜ் பாபு, நல்ல பொய்யைக் கெடுத்துட்டீங்க. கிரேன்காரர் பேச்சைக் கேட்டு துலால் மீனை விட்டான்னு இனி பத்து வருஷம் சொல்லிச் சிரிப்பாங்க."

"நாஞ் சொன்னதும் எதுக்கு நரம்ப வுட்டீங்க? நான் யாருன்னு உங்களுக்கு என்ன தெரியும்?"

"நீங்க நின்ன எடத்துலேர்ந்து தெரிஞ்சது. நான் நின்ன எடத்துலேர்ந்து தெரியலை. வேற என்ன செய்யச் சொல்றீங்க?" சாமந்தா தார்ப்பாயை அவிழ்க்கப் போய், முடிச்சு அசையாததைக் கண்டு இவரிடமே விட்டார். "ரெண்டாவது தடவை மட்டும் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம். அது இருக்கட்டும், காலையிலேர்ந்து பையில என்னத்தைத் தடவிக்கிட்டே இருக்கீங்க? எதையோ கேக்கணும்னா இப்பக் கேளுங்க."

செல்வராஜ் சணலை வெளியே எடுத்தார். இரண்டே முடிச்சுதான் மிச்சம். ஒன்று மறந்துபோனது. "என்ற புள்ள வேலைக்குப் போறத நிறுத்தச் சொல்லுவீங்களா?"

"சொல்லிப் பாக்கறேன். அவ கேப்பாளா?"

"கேக்கமாட்டா."

"அப்ப எதுக்குச் சொல்லணும்?"

பஸ் ஸ்டாண்டில் பிரியும்போது சாமந்தா ஒரு வாழையிலைப் பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். பெண் வீட்டுக்கு மீன் அனுப்புவது அவர்கள் வழக்கமாம். பெரிதாக அனுப்பத்தான் நினைத்தாராம்.

ஏழரை மணிக்குச் செல்வராஜ் வீட்டுக்குள் நுழைந்தபோது மசாலா வாசனை வாசல் வரை நின்றது. அருக்காணி பொட்டலத்தை வாங்கிப் பிரித்தாள்.

"இதென்னங்க? நாலு பேருக்கு அரைச்சு வச்ச மசாலாவுக்கே அவமானமா இருக்குதுங்க."

"பெரிசு ஒண்ணு மாட்டுச்சு. நாந்தான் கைகாட்டி அறுத்துட்டேன்."

"நீங்களா? அந்த மனுசன் வையலீங்களா?"

"இல்ல. பழி என்ற மேல வரக்கூடாதுன்னு பொய் சொன்னான். எனக்குப் பொய் சொல்ற ஆளுகளே ஆகாது."

அனுராதா அறை வாசலில் நின்றிருந்தாள். இரண்டு கையும் கதவுச் சட்டத்தில். செல்வராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பனியனோடு உட்கார்ந்தார்.

"சரின்னு சொல்லிரு அம்மிணி. தை பொறந்ததும் அவங்களை வரச் சொல்லு."

அவள் அசையவில்லை.

"காரணம் கேக்கலியா?"

"இல்லன்னாதான் காரணம் கேட்டேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள், பிறகு திரும்பி வந்து அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லி வை. அந்தாளுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. அடுத்த தடவ கூடாரம் நாந்தான் கட்டுவேன். கட்லா அங்கயேதான் கெடக்கும், எங்க போகப்போவுது? அந்த ஜீலுக்கு வெளிய போக வழியில்ல, நான் சுத்திப் பாத்துட்டேன்."

குழம்பு கொதித்தது. ஒரு சிறிய மீனுக்கு ஒரு பானைக் குழம்பு. மூன்று தட்டு வைத்து, மீனை மூன்றாக்கி, அருக்காணி பரிமாற உட்கார்ந்தவள் கரண்டியோடு நிமிர்ந்தாள்.

"ஏனுங்க, நாஞ் சொன்னதக் கேட்டீங்களா? அவங்க ஊட்டுல குழம்புல சக்கரை போடுவாங்களான்னு?"

செல்வராஜ் சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார். ஐந்தாவது முடிச்சு.

"போடுவாங்கம்மா" என்றாள் அனுராதா.

அருக்காணி மகளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல" என்று சொல்லி, மகள் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி குழம்பை ஊற்றினாள்.